வாசித்தது நானா நீயா

நெல்லியாளம் பக்கத்துத் தோட்டங்களில் தங்கையாவை எல்லோரும் கணக்கப்பிள்ளை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் கணக்கப்பிள்ளையாக ஒரு நாளும் இருந்ததில்லை. சிலோனில், அட்டன் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று பேரையும் எடையையும் உரக்கச் சொல்வது அவர் வேலை. அதை எழுதிக்கொண்டவர் வேறொருவர்.

எழுபத்து மூன்றில் கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோது, படிவம் நிரப்பிய அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே, "அங்க என்ன வேலை?" என்று கேட்டார். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கூலி, கூலி என்று சொல்லிக்கொண்டே நகர்ந்ததைத் தங்கையா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது, "கணக்கப்பிள்ளை" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அதிகாரி எழுதிவிட்டார். எழுதியதை அடிக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு சொல்தான் பாலன் முதலாளியின் தோட்டத்தில் அவருக்கு ஒரு கறுப்புக் கோட்டை மாட்டி, ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது. சின்னத் தோட்டம். ஆட்களின் பேரும் வேலை நாளும் பதியும் செக்ரோல் தமிழில் போனது. இங்கிலீஷ் கடிதங்களை முதலாளியே எழுதிக்கொண்டார். சிக்கல் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்துதான் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு அரசாங்கத்திலிருந்து ஏதாவது ஒரு காகிதம் வந்துகொண்டே இருக்கும். அதை ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு தங்கையாவிடம் வருவார்கள். அவர் மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டி, "வச்சிட்டுப் போ, சொல்றேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை கூடலூர் போய், டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் பாலாமணி அம்மாவிடம் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமை தானே வாசித்ததுபோலச் சொல்லுவார். பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

எண்பத்து நாலில் பாலன் முதலாளிக்கு ரைபிள் லைசென்ஸ் கிடைத்தது. புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றிகள் தோண்டிப் போட்டுக்கொண்டிருந்தன. வெடிச் சத்தத்தில் விரட்டலாம் என்று அவர் ஒரு வருஷமாக அலைந்து வாங்கிய லைசென்ஸ் அது. துப்பாக்கியைத் தோட்டத்துக்குள் எடுத்துப் போகும் ஆளாக வாட்சர் செல்லையாவின் பெயரும் அதில் எழுதப்பட்டிருந்தது. செல்லையாவும் சிலோனிலிருந்து வந்தவன்தான். அதிகம் பேசமாட்டான். அவன் அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேயே பாஸ்போர்ட்டுக்குக் காத்துக்கிடந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் முதலாளியின் மகளுக்குப் பிரசவ நேரம். அவர் கோழிக்கோட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் லைசென்ஸையும் ஒரு கடிதத்தையும் தங்கையாவின் கையில் கொடுத்துத் தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"ஊட்டித் துப்பாக்கிக் கடையில் சொல்லியிட்டுண்டு. செல்லையாவைக் கூட்டிட்டுப் போய் வாங்கிக்கோ. பின்பக்கம் கண்டிஷன் எழுதியிருக்கு, தங்கையா. அது நல்லோணம் வாசிச்சிட்டு வாங்கணும், கேட்டோ?"

"சரிங்க முதலாளி."

மறுநாள் காலை பஸ் கூடலூரில் நின்றபோது பாலாமணி அம்மாவின் கடைப் பலகை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பத்து நிமிஷம் பஸ் நிற்கும். இறங்கி ஓடிப்போய்க் காட்டிவிட்டு வரலாம். ஆனால் பக்கத்தில் செல்லையா உட்கார்ந்திருந்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்பான். கூடவே வந்தாலும் வருவான். தங்கையா எழுந்திருக்கவில்லை.

பஸ் புறப்பட்டதும் லைசென்ஸை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அச்சடித்த பக்கங்களுக்குப் பின்னால், யாரோ ஒரு கிளார்க் மசிப் பேனாவால் சரித்து எழுதிய இரண்டு வரிகள். எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் 'மேகசின்' என்று ஒரு வார்த்தை பிடிபட்டது. அதற்கடுத்து நீளமாக ஒன்று. பிறகு 'நாட்'. கடைசியில் 'ஃபைவ்'. மேகசின் என்றால் தொரை பங்களாவில் மேசைமேல் கிடக்கும் பளபளப்பான படப் புத்தகம் என்றுதான் அவருக்குத் தெரியும். துப்பாக்கிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை.

"என்னாங்கய்யா எழுதியிருக்கு?" என்று செல்லையா கேட்டான்.

"கவர்மெண்டுல வழக்கமாப் போடுறதுதான். விசேஷமா ஒண்ணுமில்ல" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊட்டிக் கடைக்காரர் வயதானவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. லைசென்ஸின் முன்பக்கத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துப் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தார். பக்கத்தில் இரண்டு இரும்புக் கூடுகளை வைத்தார். ஒன்று குட்டை, ஒன்று நீளம்.

"இதுதானுங்க மேகசின். ரெண்டுமே இந்த ரைபிளுக்குச் சேரும். குட்டையில அஞ்சு குண்டு புடிக்கும், நீளத்துல பத்து. சில லைசென்ஸ்ல இத்தனைக்கு மேல கூடாதுன்னு கண்டிஷன் போட்டுடறாங்க. ஏனுங்க, பின்னாடி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா? எனக்குப் பொடி எழுத்துத் தெரியறதில்லீங்க. கண்ணாடி மாத்தோணும்."

தங்கையா இரண்டு கூடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேகசின் என்பது இந்தக் கூடு. ஃபைவ் என்பது இந்த அஞ்சு. பஸ்ஸில் பிடிபடாமல் கிடந்த வரி அந்த நிமிஷத்தில் தானாகவே பொருந்திக்கொண்டது. 'ஆமாம், அஞ்சுன்னு போட்டிருக்கு' என்று சொன்னால் போதும். ஆனால் விசேஷமாக ஒன்றுமில்லை என்று பஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. அதைக் கேட்டவன் பக்கத்தில் நிற்கிறான். இப்போது மாற்றிச் சொன்னால் அப்போது வாசித்தது என்ன என்று நினைக்கமாட்டானா?

ஒருவேளை இந்த மாதிரிக் கூடு அஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட இருக்கலாம் என்று மனசு ஒரு வழி காட்டியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. நீளமானதையே குடுங்க" என்றார்.

செல்லையா மெதுவாகச் சொன்னான்: "பன்னி வெரட்டத்தானுங்களேய்யா. அஞ்சே போதுமே."

"ஒனக்கு என்னாடா தெரியும்? லைசென்ஸ வாசிச்சது நானா நீயா?"

கடைக்காரர் முன்னால் அப்படிக் கேட்டதும் செல்லையா ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில் துணியில் சுற்றிய ரைபிளை மடியில் வைத்தபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தடவை ரைபிள் வெடித்தது, பன்றிகள் ஓடை தாண்டிப் போயின. பாலாமணி அம்மாவிடம் லைசென்ஸைக் காட்டி நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று தங்கையா ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தார். நிச்சயமாகிவிடுமே என்ற பயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் போகாமல் இருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் கலவரம் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிலோன் ஆள் என்றாலே போலீஸ் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கிற காலம். லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். முதலாளி கோழிக்கோட்டிலிருந்து திரும்பவில்லை. தங்கையாதான் போயிருக்கவேண்டும். கொழுந்து நிறுக்கும் நாள் என்று சொல்லி, லைசென்ஸையும் கொடுத்து, செல்லையாவைத் தனியாக அனுப்பினார்.

காலையில் போனவன் மாலை பஸ்ஸிலும் வரவில்லை. மறுநாள் காலை ஒரு ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் செல்லையா குடும்பம் குடியிருந்த லயக் காம்பிராவுக்குள் புகுந்து பெட்டியைக் கவிழ்த்தார்கள். சிலோன் ஸ்டாம்பு ஒட்டிய அவன் அண்ணனின் கடிதங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டார்கள். செல்லையாவின் மனைவி வேலாயி வாசலில் நின்று, "அது அவுக அண்ணேன் எழுதுன கடுதாசிங்க சார், பாஸ்போட்டு விசயமா எழுதுனது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் ஏறும்போது ஒரு போலீஸ்காரர் தங்கையாவிடம் சொன்னார்: "அஞ்சு குண்டுக்குத்தான் லைசென்ஸு. இவன் பத்துக் குண்டுக் கூட்டை மாட்டி வச்சிருக்கான். எங்க வாங்குன, யாருக்காக வாங்குனன்னு கேட்டா, ஆபீஸ்ல குடுத்ததுங்கிறான்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். தங்கையா சொல்லவில்லை. முதலாளிக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று போஸ்டாபீசுக்கு நடந்தார். ட்ரங்க் கால் கிடைக்க ஒரு மணி நேரமானது. விஷயத்தைச் சொன்னதும் பாலன் முதலாளி முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

"கண்டிஷன் வாசிச்சிட்டல்லே வாங்கினது?"

"வாசிச்சிட்டுத்தான் வாங்கினோம் முதலாளி."

"எத்தனை வாங்கினது? அஞ்சோ பத்தோ?"

கம்பியில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சுதாங்க" என்றார் தங்கையா.

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. வாங்கியது அஞ்சு என்றால், பத்தை மாட்டியது செல்லையா. திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாமா என்று கவுண்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வெளியே வந்துவிட்டார்.

முதலாளி நல்ல எண்ணத்தில் உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, தன் கணக்கப்பிள்ளை முறைப்படி அஞ்சுதான் வாங்கினான் என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் ஸ்டேஷனில் செல்லையாவைக் கன்னத்தில் அறைந்து கேட்டார்கள் என்று, சோறு கொண்டுபோய்விட்டு வந்த வேலாயி மூலம் தெரிந்தது. அவள் லயத்துக்குக்கூடப் போகாமல் நேராக ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு பக்கம் மொகம் வீங்கிக் கெடக்குதுங்க. கலெக்டருக்கு இங்கிலீசுல ஒரு பெட்டிசன் போட்டா விடுவாங்கன்னு வெளிய நின்ன ஆளு ஒருத்தரு சொன்னாரு. நம்ம ஆளுகள்ல இங்கிலீசு தெரிஞ்சது நீங்க ஒருத்தருதானுங்க. எழுதிக் குடுங்கய்யா."

அவள் ஒரு முழு வெள்ளைத் தாள் வாங்கி வந்திருந்தாள். கசங்கிவிடக்கூடாது என்று அதைச் சுருட்டி, முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் நீவிவிட்டாள்.

தங்கையா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலாயி நின்றுகொண்டே இருந்தாள், ஐயா நல்ல வார்த்தையாக யோசிக்கிறார் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

"இத டைப் அடிச்சாத்தான் மதிப்பா இருக்கும். வா, கூடலூருக்குப் போவோம்" என்று எழுந்தார்.

பாலாமணி அம்மா மெஷினில் தாளைச் செருகிக்கொண்டு, எப்போதும்போல நேராகக் கேட்டார்: "நடந்ததைத் தமிழ்ல சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல அடிச்சிடறேன்."

வேலாயி தங்கையாவைத் திரும்பிப் பார்த்தாள். ஐயா ஏன் தமிழில் சொல்லவேண்டும் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. தங்கையா லைசென்ஸ் கிடைத்தது, ஊட்டி போனது, ஸ்டேஷனுக்கு அனுப்பியது என்று தொடங்கினார். பாலாமணி அம்மா பாதியில் நிறுத்தினார்.

"இருங்க. அந்தப் பத்துக் குண்டு மேகசினை யார் வாங்கினது? அதைச் சொல்லாம பெட்டிஷன் எழுதிப் பிரயோஜனமில்லையே."

டைப் அடிக்கப் பழக வந்த பெண்கள் நாலு பேர் அந்த அறையில் இருந்தார்கள். மெஷின்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தங்கையா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தாம்மா."

"கண்டிஷன் பார்க்கலியா?"

"பாத்தேன். வாசிக்கத் தெரியல."

பாலாமணி அம்மாவுக்கு இது புதிதில்லை. பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயம். அவர் வேலாயியைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன எழுதியிருந்துச்சு, ஞாபகமிருக்கா?"

"மேகசின்னு இருந்துச்சு. ஃபைவ்னு இருந்துச்சு. நடுவுல நீளமா ஒரு வார்த்தை. 'சி'யில ஆரம்பிக்கும்."

"கெப்பாசிட்டி. எவ்வளவு கொள்ளும்ங்கிறது. கூடு அஞ்சு குண்டுக்கு மேல கொள்ளக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க." அவர் விரல்களை மெஷின்மேல் வைத்தார். "நீங்க சொன்னதை அப்படியே அடிக்கட்டுமா?"

"அடிங்கம்மா. போன்ல முதலாளிகிட்ட அஞ்சுன்னு சொன்னது பொய்னும் அடிங்க."

வேலாயி அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்ப ஏம்மவன் பள்ளிக்கொடத்துக் காயிதம், என் நாத்தனாருக்கு வந்த கவர்மெண்டுக் காயிதம், எல்லாம் இந்தம்மாதான் வாசிச்சாகளா?"

தங்கையா ஆமென்று தலையசைத்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அவரை அவள் ஐயா என்று கூப்பிடவே இல்லை.

பெட்டிஷனைக் கலெக்டருக்கு அனுப்பக் காத்திருக்காமல், இரண்டு பேரும் நேராக ஸ்டேஷனுக்குப் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி வாசித்தார். ஒரு தடவை வாசித்துவிட்டு, இன்னொரு தடவை சிரித்துக்கொண்டே வாசித்தார்.

"கணக்கப்பிள்ளை, ஆனா வாசிக்கத் தெரியாது. இதை நான் நம்பணுமா? காசு குடுத்து உன்னைச் சொல்லச் சொல்லியிருக்கான்." மேசை இழுப்பறையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "வாசி பாப்போம்."

செல்லையாவை உள்ளேயிருந்து கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். இடது கன்னம் கண்வரைக்கும் வீங்கியிருந்தது. ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையா லைசென்ஸை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மே... க... சின்" என்றார். அடுத்த வார்த்தை இன்னதென்று இப்போது அவருக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்துக் கூட்டினால் அந்த ஓசை வரவில்லை. "க... பா... சி..." என்று இழுத்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். வரி முடியும்வரை சப்-இன்ஸ்பெக்டர் அவரை விடவில்லை. மொத்தம் இரண்டே வரி. முடிப்பதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

நடுவில் ஒரே ஒரு தடவை கண்ணைத் தூக்கிப் பார்த்தார். செல்லையா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. வேறு யாரோ உடுப்பு மாற்றும்போது திரும்பிக்கொள்வதைப்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஊட்டிக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள்தான் நீளமானதைக் கேட்டு வாங்கினார், கூட வந்தவர் அஞ்சு போதும் என்றுகூடச் சொன்னார் என்று கடைக்காரர் சொன்னார். சாயந்தரம் செல்லையாவை விட்டார்கள். அண்ணனின் கடிதக் கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ரைபிளும் மேகசினும் ஸ்டேஷனிலேயே இருந்தன.

பாலன் முதலாளி அந்த வாரமே வந்தார். ஆபீசில் தங்கையாவை நிற்க வைத்து, "போனில் பறஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

"பொய்ங்க முதலாளி."

முதலாளி மேசைமேல் கிடந்த செக்ரோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்கிலீஷ் அறியாததுக்கு ஞான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா உன் பேச்சைக் கேட்டு ஞானும் ஒரு ஆளை அடிக்க வச்சேன், தங்கையா." வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. நாளையிலிருந்து ஆபீசுக்கு வரவேண்டாம், தராசுக்குப் போ என்றார். லைசென்ஸ் விஷயமாக அவரே கலெக்டர் ஆபீசுக்கு நாலு தடவை ஏறி இறங்கினார். விளக்கம் எழுதிக் கொடுத்து, அஞ்சு தோட்டா மேகசினோடு மட்டும் ரைபிள் திரும்பி வர ஏழு மாதம் ஆனது.

தராசுக்கு மாற்றப்பட்டு இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தங்கையா செல்லையாவின் காம்பிராவுக்குப் போனார். செல்லையா வாசற்படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். வீக்கம் வடிந்து கன்னம் மஞ்சளாக இருந்தது. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"செல்லையா, என்னைய மன்னிச்சுக்க. வாசிக்கத் தெரியாம செஞ்சிட்டேன்."

செல்லையா கத்தியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கவா? கடையில அந்தப் பெரியவரு ரெண்டு கூட்டையும் எடுத்து வச்சு, அஞ்சு, பத்துன்னு சொன்னாரே. அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

பெட்டிஷனில் இது இல்லை. பாலாமணி அம்மாவும் கேட்கவில்லை, சப்-இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை. இல்லை என்று சொன்னால் அவன் நம்பியிருப்பான்.

"தெரிஞ்சிருச்சு" என்றார் தங்கையா.

செல்லையாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அது வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனான். வேலாயி அடுப்பு ஊதுவதை நிறுத்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் செல்லையா குடும்பத்தோடு மஞ்சூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். சாமான்களை ஜீப்பில் ஏற்றிய காலையில் தங்கையா தராசடியில் இருந்தார். போய் ஒரு மூட்டை தூக்கிக் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை எழுந்தார். ஜீப் வளைவில் திரும்பியபோது வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, "என் எடையைச் சொல்லலியே" என்றாள். அவர் முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னார். எழுதுகிறவருக்குக் கேட்காமல், இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது.